பக்கவாதத்துக்குப் பின் வரும் வலிப்பு: வீட்டில் இருப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்து எட்டு மாதம் கழித்து, ஒரு விடியற்காலையில் அப்பாவின் இடது கை தானாக உதறத் தொடங்கியது. அந்தக் கையை அசைய வைக்கத்தான் எட்டு மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் இரண்டு மூன்று விநாடி நான் சந்தோஷப்பட்டேன். கை அசைகிறதே! அதற்குள் உதறல் தோளுக்கு ஏறியது, வாய் ஒரு பக்கம் இழுத்தது, நினைவு போய்விட்டது.

இரண்டாவது பக்கவாதம் என்று நினைத்துத்தான் மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஒரு மருத்துவர் மூன்று கேள்வி கேட்டார். எந்த இடத்தில் ஆரம்பித்தது? எவ்வளவு நேரம் நீடித்தது? கண் எந்தப் பக்கம் திரும்பியது? வீட்டில் நான்கு பேர் இருந்தோம், கையில் ஆரம்பித்தது என்பதைத் தவிர ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. வந்தது பக்கவாதம் இல்லை, வலிப்பு என்று உறுதியாக ஒரு நாள் ஆனது. முதல் முறை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த பத்துப் பக்கக் காகிதத்தில் வலிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே இது மருத்துவர்களுக்கான கட்டுரை இல்லை, நோயாளியோடு வீட்டில் இருப்பவர்களுக்கானது. இந்த நோயில் ஸ்கேனுக்குத் தெரியாத பல விஷயங்கள் பக்கத்தில் இருந்தவரின் கண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் கண்ணை எப்படிப் பழக்குவது என்பதே கீழே உள்ளதில் பாதி.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

பக்கவாதம் வந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை ஒரு கணக்கு, அதற்குப் பிறகு வேறு கணக்கு.

முதல் ஏழு நாட்களுக்குள் வருவதை முன்கூட்டிய வலிப்பு என்பார்கள். ரத்தம் போகாத இடத்தில் செல்கள் சாகும்போது குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. வீக்கம், சோடியம் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. மூளை அடிபட்ட அதிர்ச்சியில் துடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வலிப்பு நோய் என்று பெயரிட மாட்டார்கள்.

ஏழு நாட்களுக்குப் பிறகு, வாரங்களோ மாதங்களோ கழித்து வருவது தழும்பிலிருந்து வருகிறது. செத்த திசு இருந்த இடத்தைச் சுற்றி வடு உருவாகி, உயிரோடு மிஞ்சிய நரம்புச் செல்கள் தங்களுக்குள் புதிதாக இணைப்புப் போட்டுக்கொள்ளும். அந்த இணைப்பு எல்லாமே ஒழுங்காக அமைவதில்லை. ரத்தக்கசிவால் வந்த பக்கவாதம் என்றால், கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்து மூளையின் மேல்புறணியில் படிந்து உறுத்திக்கொண்டே இருக்கும். ரத்தக்கசிவுக்குப் பிறகு வலிப்பு அதிகம் வர இதுவும் ஒரு காரணம். இந்த மாற்றமெல்லாம் சத்தமில்லாமல் நடக்க நாளாகும். அதனால்தான் “எல்லாம் சரியாகிக்கொண்டு வந்ததே, இப்போது ஏன்?” என்று நாம் திகைத்து நிற்கிறோம். பலருக்கு முதல் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

இந்தப் பிரிவினை வெறும் பெயர் விவகாரம் இல்லை. பொதுவாக வலிப்பு நோய் என்று சொல்ல, சர்க்கரை, சோடியம் குறைவு போன்ற உடனடித் தூண்டுதல் இல்லாத வலிப்பு இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். ஆனால் வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேச கூட்டமைப்பு 2014-ல் வரையறையைத் திருத்தியது. அதன்படி, ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், அடுத்த பத்து ஆண்டுகளில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவே வலிப்பு நோய்தான். பக்கவாதத்துக்குப் பின் தாமதமாக ஒரு வலிப்பு வந்தவருக்கு அந்த வாய்ப்பு 70 சதவீதத்தைத் தொடுகிறது. முதல் வாரத்தில் வந்தவருக்கோ 33 சதவீதம்தான். அதனால் தாமத வலிப்பு ஒரே முறை வந்திருந்தாலும் மருத்துவர் பெரும்பாலும் மாத்திரை தொடங்கச் சொல்வார். “ஒரு தடவைதானே, பார்த்துக்கொள்ளலாம்” என்று நாம் வாதாடுவதில் பயனில்லை. நான் வாதாடிப் பார்த்தேன்.

இரண்டாவது படி: வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள்

பக்கவாதம் வந்த எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லை, பெரும்பாலானோருக்கு வராது. ஆனால் வயதானவர்களுக்குப் புதிதாக வலிப்பு வந்தால், கண்டுபிடிக்க முடிந்த காரணங்களில் முதலிடம் பக்கவாதத்துக்குத்தான்.

ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால், செலக்ட் என்ற மதிப்பெண் முறையை வைத்து மருத்துவரால் ஓரளவு கணிக்க முடியும். 2018-ல் வெளியானது. மொத்தம் 9 புள்ளி. முதல் வாரத்திலேயே வலிப்பு வந்திருந்தால் 3. மூளையின் மேல்புறணி பாதித்திருந்தால் 2. பக்கவாதம் மிகத் தீவிரமாக இருந்திருந்தால் 2, நடுத்தரம் என்றால் 1. பெரிய ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்ததென்றால் 1. நடு மூளைத் தமனி ரத்தம் தரும் பகுதி என்றால் 1. பூஜ்யம் வாங்கியவருக்கு ஐந்து ஆண்டுகளில் தாமத வலிப்பு வரும் வாய்ப்பு 1.3 சதவீதம். ஒன்பதும் வாங்கியவருக்கு 83 சதவீதம். ரத்தக்கசிவுக்கு கேவ் என்று வேறொரு கணக்கு இருக்கிறது. மேல்புறணி பாதிப்பு, 65-க்குக் கீழான வயது, 10 மில்லிக்கு மேற்பட்ட கசிவு, முதல் வாரத்தில் வலிப்பு ஆகிய நான்கையும் அது பார்க்கிறது.

மதிப்பெண் அதிகம் என்றால் முன்கூட்டியே மாத்திரை போட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பதே இப்போதைய வழக்கம். வலிப்பே வராதவருக்கு வலிப்பு மாத்திரை கொடுத்து வடு வலிப்பாக மாறுவதைத் தடுக்க முடியும் என்று நிரூபணமாகவில்லை. தூக்கக் கலக்கமும் மந்தமும் வந்து பிசியோதெரபி கெடுவதுதான் மிச்சம். எண் அதிகம் என்று தெரிந்தால் வீட்டில் எல்லோருக்கும் முதலுதவியைச் சொல்லிக்கொடுத்து வையுங்கள், போதும்.

மூன்றாவது படி: பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும்

வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் வெட்டி நுரை தள்ளுவது என்ற படம்தான் நம் மனதில் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் அப்படித் தொடங்குவதில்லை. வடு இருக்கும் ஒரு புள்ளியில் கிளம்பி, அந்த இடம் எந்த உறுப்பை ஆள்கிறதோ அங்கே வெளிப்படும். பெருவிரல் துடிக்கும், வாயோரம் இழுக்கும், பாதித்த பக்கம் எறும்பு ஊர்வது போல இருக்கும், கண்முன் ஒளி மின்னும். சில நேரம் அதோடு நின்றுவிடும். சில நேரம் விரலிலிருந்து கை, கையிலிருந்து முகம் என்று ஏறி, உடம்பு முழுவதும் பரவும்.

இன்னும் ஏமாற்றக்கூடிய வகை ஒன்று உண்டு. உதறலே இருக்காது. திடீரென்று பேச்சு நிற்கும், வெறித்துப் பார்ப்பார், உதட்டைச் சப்புவார், கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஓரிரு நிமிடம் கழித்து எதுவுமே நடக்காதது போல இருப்பார். ஏற்கெனவே பேச்சு பாதித்தவராக இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. “இன்றைக்கு ஏனோ ஒரு மாதிரி இருக்கிறார்” என்று நாள் முழுக்க ஓட்டிவிடுவோம். விட்டுவிட்டு வரும் குழப்பமும் காரணமில்லாமல் நீளும் மந்தமும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பாக இருக்கலாம். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி எடுத்தால்தான் தெரியும்.

சரி, வந்தது புதுப் பக்கவாதமா வலிப்பா? தோராயமாக ஓர் அடையாளம் சொல்லலாம். பக்கவாதம் இருப்பதைப் பறிக்கும்: பலம் போகும், பேச்சு போகும், பார்வை போகும். வலிப்பு இல்லாததைக் கொண்டுவரும்: துடிப்பு, இழுப்பு, மினுக்கு, ஊறல். ஆனால் வலிப்பு ஓய்ந்த பிறகு அந்தப் பக்கம் சிறிது நேரம் செயலற்றுக் கிடக்கலாம். 1849-ல் இதை விவரித்த ராபர்ட் பென்ட்லி டாட் பெயரால் டாட் வாதம் என்கிறார்கள். சில நிமிடத்தில் சரியாகலாம், ஒன்றரை நாள் வரையும் இழுக்கலாம். வலிப்பு வந்ததை யாரும் பார்க்காமல், இந்தப் பலவீனத்தை மட்டும் பார்த்தால் புதுப் பக்கவாதம் போலவே தெரியும்.

வீட்டில் உட்கார்ந்து இதைத் தீர்மானிக்காதீர்கள். புதிதாகப் பலம் குறைந்தாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதம் என்று வைத்துக்கொண்டே ஓட வேண்டும். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான அவகாசம் நாலரை மணி நேரம்தான். டாட் வாதமாக இருக்கும் என்று காத்திருந்து அந்த நேரத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

சர்க்கரை தாழ்ந்தாலும், மயக்கம் போட்டு விழுந்தாலும் உதறல் வரலாம். கழுத்துத் தமனி மிகவும் குறுகிப்போனவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது ஒரு கையோ காலோ ஆடும், உட்கார்ந்தால் நிற்கும். அது வலிப்பு இல்லை, மூளைக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அறிகுறி. எந்த நிலையில் வந்தது என்பதைக் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நான்காவது படி: அந்த ஐந்து நிமிடம்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் அரை நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும்.

பக்கத்தில் இருக்கும் கூரான, கடினமான பொருட்களை நகர்த்துங்கள். தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள். பல் உடையும், உங்கள் விரல் போகும், நாக்கை யாரும் விழுங்கிவிடுவதில்லை.

உதறல் அடங்கத் தொடங்கியதும், முடிந்தால் அதற்கு முன்பே, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் திருப்பாதீர்கள். அந்தத் தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், எளிதில் பிசகும். தோள்பட்டையின் பின்புறமும் இடுப்பிலும் கை கொடுத்து உருட்டுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தோளையும் இடுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாதம் வந்த பக்கத்து எலும்பு மெலிந்திருப்பதால் விழுந்தால் முறிவு சகஜம்.

முழு நினைவு திரும்பும்வரை தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம். விழுங்குவதில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர் என்றால் ஒரு மடக்குத் தண்ணீரே நுரையீரலுக்குப் போய்விடும்.

ஆம்புலன்ஸை எப்போது கூப்பிடுவது? வாழ்க்கையில் முதல் வலிப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், கூப்பிடுங்கள். ஏற்கெனவே வருபவர் என்றாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், ஒன்று முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது தொடங்கினால், மூச்சுத் திணறினால், புதுப் பலவீனம் தெரிந்தால் கூப்பிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலை அடிபட விழுந்திருந்தால், எழுந்து நன்றாகப் பேசினாலும் அழைத்துப்போய்த் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே மெல்லக் கசிவது வெளியே தெரியாது.

வலிப்பு நீளும் வழக்கம் உள்ளவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கத்திலோ மூக்கிலோ செலுத்தும் மிடாசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ள மருத்துவர் எழுதித் தரலாம். எத்தனையாவது நிமிடத்தில் கொடுப்பது, எத்தனை முறை என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: பார்த்ததை எழுதுங்கள், முடிந்தால் வீடியோ எடுங்கள்

வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நோயாளியைக் கவனிக்கட்டும், இன்னொருவர் போனை எடுக்கட்டும். வலிப்பில் கிடப்பவரைப் படம் எடுப்பதா என்று உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஆனால் இரண்டாவது முறை நான் எடுத்த நாற்பது விநாடி வீடியோவைப் பார்த்துவிட்டு, முந்தைய மாதம் முழுவதும் பேசித் தீராத சந்தேகத்தை மருத்துவர் ஒரே நிமிடத்தில் தீர்த்தார். முகம், கண், இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் தெரியும்படி கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். கூடவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வருகிறதா இல்லையா என்பதும் பதிவாகும்.

நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது, கண்ணும் தலையும் எந்தப் பக்கம் திரும்பின, எவ்வளவு நேரம், நாக்கைக் கடித்தாரா, சிறுநீர் போனதா, தெளிய எத்தனை நேரமாயிற்று, பிறகு எந்தப் பக்கம் பலவீனமாக இருந்தது. அப்புறம் முந்தைய இரவுத் தூக்கம், விட்டுப்போன மாத்திரை, காய்ச்சல், புதிதாக ஆரம்பித்த மருந்து. அன்றே எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்து நால்வர் நான்கு கதை சொல்வார்கள்.

ஆறாவது படி: பரிசோதனைகளில் என்ன எதிர்பார்க்கலாம்

அவசரப் பிரிவில் முதலில் சர்க்கரை, சோடியம், இதயத் துடிப்பு பார்ப்பார்கள். புதுக் கசிவோ அடைப்போ இல்லை என்று உறுதிசெய்ய சிடி எடுப்பார்கள், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ.

இஇஜி பற்றிப் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை. அரை மணி நேரப் பதிவில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வலிப்பு இல்லை என்று பொருளில்லை. அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது, அவ்வளவுதான். வடு உள்ள பக்கம் அலைகள் மெதுவாக ஓடுவது மட்டும் தெரிந்தால் அதுவும் வலிப்புக்குச் சான்றில்லை, பக்கவாதத்தின் சுவடு. மறுபடியும் உங்கள் நோட்டுக்கும் வீடியோவுக்கும்தான் வந்து நிற்போம்.

ஏழாவது படி: மாத்திரை

பெரும்பாலானவர்களுக்கு ஒரே மருந்தில், அதுவும் மிதமான அளவிலேயே வலிப்பு அடங்கிவிடும். எந்த மருந்து என்பதில்தான் யோசனை வேண்டும். பக்கவாதம் வந்தவர் ஏற்கெனவே ஒரு கைப்பிடி மாத்திரை விழுங்குகிறார்.

ஃபெனிடாயின், கார்பமாசெபைன், ஃபீனோபார்பிட்டல் போன்ற பழைய மருந்துகள் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். அபிக்ஸாபன், ரிவராக்ஸாபன் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளும், சில கொழுப்பு மாத்திரைகளும் உடம்பில் வேலை செய்யும் முன்பே கரைந்துபோகும். வலிப்பைத் தடுக்கப் போய் அடுத்த பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்ததாகிவிடும். நீண்ட நாள் எடுத்தால் எலும்பும் மெலியும். வால்ப்ரோயேட் சிலருக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும், கை நடுக்கம் தரும்.

அதனால் இப்போது லெவடிரசெட்டம், லாமோட்ரிஜின், லாகோசமைட் ஆகியவையே அதிகம் புழங்குகின்றன. இவற்றுக்கும் குணதோஷம் உண்டு. லெவடிரசெட்டம் உடனே வேலை செய்யும், ஆனால் சிலரை எரிச்சல்காரராகவோ சோர்ந்தவராகவோ மாற்றும். சிறுநீரகம் பலவீனம் என்றால் அளவைக் குறைக்க வேண்டும். லாமோட்ரிஜின் மனநிலைக்கு இதமானது, ஆனால் வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற முடியும். தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். லாகோசமைட் தொடங்கும் முன் ஈசிஜி பார்ப்பது வழக்கம்.

அப்பா லெவடிரசெட்டம் எடுத்த முதல் இரண்டு மாதம் வீட்டில் யாரும் நிம்மதியாக இல்லை. தொட்டதற்கெல்லாம் கத்தினார். பக்கவாதத்தால் மனம் உடைந்துவிட்டார் என்று நாங்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். ஓரளவு அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மருந்தை மாற்றிய மூன்றாவது வாரத்தில் பழைய மனிதர் திரும்பி வந்தார். குணம் மாறினால் மருந்தின் மேலும் ஒரு சந்தேகம் வையுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். விழுங்கச் சிரமம் என்றால் மருந்து திரவமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது.

வேறு எதற்காக எந்த மருத்துவரிடம் போனாலும் வலிப்பு உண்டு என்று சொல்லிவிடுங்கள். வலிக்குத் தரும் டிரமடால், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள், மனச்சோர்வுக்கான புப்ரோபியான் எல்லாம் வலிப்பைத் தூண்டக்கூடியவை.

எட்டாவது படி: வீடும் அன்றாடமும்

தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்கு அடுத்தபடி முக்கியம் அதுதான். மதுவைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே கவனிக்க வேண்டும். குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம், உட்கார்ந்து குளிக்கட்டும், தொட்டியில் நீர் நிரப்பிக் குளிக்க வேண்டாம். வண்டி ஓட்டுவதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். எத்தனை மாதம் வலிப்பில்லாமல் இருந்தால் ஓட்டலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு, அதுவரை சாவியை வேறு யாராவது வைத்திருக்கட்டும்.

பிசியோதெரபியை நிறுத்தாதீர்கள். பயிற்சியால் வலிப்பு வந்துவிடும் என்ற பயத்தில் நாங்கள் மூன்று வாரம் நிறுத்தி வைத்தோம். அந்த மூன்று வாரத்தில் இழந்ததைத் திரும்பப் பெற இரண்டு மாதம் ஆனது. வலிப்பு ஓய்ந்து, பழைய பலம் திரும்பியதும் தொடங்கிவிடலாம். பயிற்சியாளருக்கு முதலுதவி தெரிந்தால் போதும்.

ஒன்பதாவது படி: எப்போது நிறுத்துவது

முதல் வாரத்தில் வலிப்பு வந்து மாத்திரை தொடங்கியிருந்தால், ஆரம்பக் கட்டம் தாண்டியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே வழக்கம். ஆனால் யாரும் கேட்காததால் அது வருடக்கணக்கில் சீட்டிலேயே தொடர்வதும் உண்டு. ஆகவே நீங்கள் கேளுங்கள்: “இது எதற்காகத் தொடங்கியது, இன்னும் தேவையா?”

தாமதமாக வந்த வலிப்பு என்றால் கதை வேறு. வடு எங்கும் போய்விடுவதில்லை, அதனால் நீண்ட காலம் எடுக்க வேண்டியிருக்கும். சில ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் கடந்த பிறகு குறைத்துப் பார்ப்பதா என்று மருத்துவர் யோசிப்பார். அப்பா ஒவ்வொரு முறையும் அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். மருத்துவர் பதில் சொல்லுமுன் என் பக்கம் கை நீட்டுவார், நான் நோட்டை எடுத்துக் கொடுப்பேன்.